கடலடிச் சரக்கு: ஏலத்துக்கு முன் ஒரு பதிவேடு

பால்டிக் கடலடியில் எடுத்த ஒரு ஷாம்பெயின் புட்டி 30,000 யூரோவுக்கு ஏலம் போனது. கடலூர் – சிதம்பரம் கரைக்கு எதிரே மூழ்கிய கப்பல்களுக்கு நாம் என்ன கணக்கு வைத்திருக்கிறோம்?

1749 ஏப்ரல். தேவனாம்பட்டினத்துக் கரையில் செயின்ட் டேவிட் கோட்டை. அதற்கு எதிரே, காற்றுக்கு ஒரு மறைப்பும் இல்லாத திறந்த கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. பகலில் எழுந்த காற்று இரவில் புயலாகிறது. கரையில் இருப்பவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. விடிந்து பார்த்தால், 74 பீரங்கிகள் கொண்ட ‘நாமூர்’ என்ற கொடிக்கப்பல் கடலுக்குள் போய்விட்டது. அதிலிருந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படைத்தலைவர் எட்வர்ட் பாஸ்கவன் அன்று தரையில் இருந்ததால் தப்பினார். தெற்கே தள்ளப்பட்ட ‘பெம்புரோக்’ என்ற போர்க்கப்பல் கொள்ளிடம் முகத்துவாரத்துக்கு அருகே உடைந்தது. 300-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர்தான். ‘அப்பல்லோ’ என்ற மருத்துவக் கப்பலும், ‘லிங்கன்’, ‘வின்செல்சி’ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களும் அதே புயலில் போயின. தேவிக்கோட்டையைப் பிடிக்க அப்போது தரைவழியாகப் போய்க்கொண்டிருந்த கம்பெனிப் படையின் கூடாரங்களும் தளவாடங்களும் பாழாகி, அது பரங்கிப்பேட்டையில் ஒதுங்க வேண்டியதாயிற்று.

262 ஆண்டுகள் கழித்து, 2011 ஜூன் 3 அன்று, பின்லாந்துக்குச் சொந்தமான ஆலண்ட் தீவுகளின் தலைநகர் மரியஹாமில் இரண்டு பழைய புட்டிகள் ஏலத்துக்கு வந்தன. முந்தைய ஆண்டு கடலடியிலிருந்து எடுத்த ஷாம்பெயின் புட்டிகள் அவை. வவ் கிளிக்கோ நிறுவனத்தின் புட்டி 30,000 யூரோவுக்கும், எப்போதோ மூடப்பட்டுவிட்ட ழுக்லார் நிறுவனத்தின் புட்டி 24,000 யூரோவுக்கும் போயின. உலகமெங்கும் அது செய்தியானது. அன்று முதல் மூழ்கிய கப்பல் என்றாலே பலருக்குப் புதையல், ஏலம், கோடிகள் என்ற மூன்று சொற்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நம் கரையிலும் ‘கடலுக்குள் எவ்வளவு கிடக்கும், எடுத்து விற்றால் என்ன?’ என்ற பேச்சு இருக்கிறது. அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடாமல் நேராகவே எடுத்துக்கொள்வோம். ஏலத்தில் அந்தப் புட்டிகளுக்கு அந்த விலை ஏன் கிடைத்தது என்று ஆராய்ந்தாலே, நம் கடலில் நாம் முதலில் செய்ய வேண்டியது ஏலம் இல்லை என்பது விளங்கிவிடும்.

■ தக்கையின் அடியில் ஒரு முத்திரை

2010 ஜூலையில் ஆலண்டின் ஃபோக்லோ தீவுக்கு அருகே, சுமார் 50 மீட்டர் ஆழத்தில், முக்குளிப்பவர்கள் ஒரு பாய்மரக் கப்பலின் சிதைவைக் கண்டார்கள். அதில் 168 ஷாம்பெயின் புட்டிகள் கிடந்தன. காகித அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு புட்டியைத் திறந்து தக்கையைத் திருப்பிப் பார்த்தபோதுதான், கண்ணாடிக்குள் மதுவைத் தொட்டபடி இருந்த அதன் அடிப்பக்கத்தில் சூடு போட்ட முத்திரை தெரிந்தது. எந்த நிறுவனத்தின் சரக்கு என்பதை அந்தச் சிறு வட்டம்தான் சொன்னது. ஆலண்டின் சட்டப்படி நூறாண்டு கடந்த கப்பல் சிதைவு அந்தத் தீவு அரசுக்குச் சொந்தம். எனவே, கண்டவர் எடுத்துக்கொண்டு போகவில்லை. புட்டிகள் அரசின் காவலுக்கு வந்தன, எண்ணப்பட்டன, சில ஆய்வுக்குப் போயின. பெரும்பகுதி சேமிப்பில் இருக்க, ஒரு சிலவே விற்பனைக்கு வந்தன. வந்த பணம் கடல்சார் தொல்லியலுக்கும் கடற்சூழல் காப்புக்கும் என்று அறிவிக்கப்பட்டது.

பிரான்ஸின் ரேம்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிலிப் ழான்டே தலைமையிலான குழு 2015-ல் வெளியிட்ட வேதியியல் ஆய்வு, அந்த மதுவை ஒரு வணிக ஆவணமாகவே வாசித்தது. சர்க்கரை அளவைப் பார்த்து, இந்தச் சரக்கு எந்த நாட்டுச் சுவைக்காகக் கலக்கப்பட்டது என்று அது கேட்டது. வவ் கிளிக்கோவின் பழைய கடிதங்களில், ரஷ்ய வாடிக்கையாளர்கள் இதைவிட இரண்டு மடங்கு இனிப்பைக் கேட்டது பதிவாகியிருந்தது. ஆகவே, ரஷ்யத் தலைநகருக்குப் போன சரக்கு என்று பலர் முதலில் எண்ணியது ஐயத்துக்குள்ளானது. ஜெர்மானியச் சந்தைக்கானதாக இருக்கலாம் என்ற கருத்து எழுந்தது. கப்பல் கிடந்த இடம், புட்டிகள் இருந்த நிலை, தக்கையின் முத்திரை, மதுவின் வேதியியல், நிறுவனத்தின் கடிதம் ஆகிய ஐந்தும் சேர்ந்ததால்தான் இந்த முடிவு. ஏலத்தில் கையை உயர்த்தியவர் ஒரு கிளாஸ் மதுவுக்காக 30,000 யூரோ தரவில்லை. இந்த ஐந்தும் சேர்ந்த வரலாற்றுக்குத் தந்தார். புட்டியை மட்டும் யாரோ இரவோடு இரவாக எடுத்து விற்றிருந்தால், அது பழைய புட்டி என்பதற்கு மேல் எதுவும் ஆகியிருக்காது.

┌─ புட்டிக்குள் என்ன இருந்தது? ─┐

• வயது: சுமார் 170 ஆண்டு.

• சர்க்கரை: லிட்டருக்கு ஏறத்தாழ 150 கிராம். இன்று பரவலாக விற்கும் ‘ப்ரூட்’ வகையில் 12 கிராமுக்கும் குறைவு.

• திறந்தவுடன் வந்த வாசனை: நனைந்த முடி, பாலாடைக்கட்டி. கிளாஸில் சுழற்றிக் காற்றுப் பட்டபின்: புகை, தோல், மசாலா, பிறகு பழமும் பூவும்.

• கெடாமல் காத்தவை: 2 முதல் 4 டிகிரி வரையிலான குளிர், இருட்டு, உப்புக் குறைந்த நீர்.

└──────────────┘

■ வங்கக் கடலில் மது மிஞ்சாது

இனி நம் கடலுக்கு வருவோம். இந்தியா வந்த கம்பெனிக் கப்பல்கள் வழியில் மதேரா தீவில் நின்று மது ஏற்றிக்கொள்வது வழக்கம். சென்னையிலும் கடலூரிலும் இருந்த கம்பெனி அதிகாரிகளின் மேசையில் வழக்கமாக இருந்த மது அதுதான். வெப்பத்திலும் கப்பலின் ஆட்டத்திலும் மதேரா மது கெடுவதற்குப் பதில் சுவை கூடுகிறது என்று கண்டு, அதைப் பீப்பாயோடு கடற்பயணம் அனுப்பித் திரும்பக் கொண்டுவந்து விற்ற காலமும் உண்டு. ஆனால், அது வந்தது பெரும்பாலும் மரப்பீப்பாயில். பால்டிக்கில் மரம் பிழைப்பதற்குக் காரணம், மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு உப்புக் குறைந்த அந்த நீரில் வாழ முடியாது. வங்கக் கடலில் அந்தப் புழு செழித்து வாழ்கிறது. மணலுக்குள் புதையாத கட்டையை அது விட்டுவைக்காது. பீப்பாய் போனால் மதுவும் போயிற்று. கண்ணாடிப் புட்டி தப்பலாம். ஆனால், 28, 29 டிகிரி வெப்பத்தில், தக்கை இற்று, உப்புநீர் புகுந்த பின் உள்ளே இருப்பதை மது என்று சொல்ல முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. 1872-ல் போர்தோவிலிருந்து சைகோன் போகும் வழியில், இந்தோனேசியாவின் காஸ்பர் நீரிணையில் மூழ்கிய ‘மரி தெரேஸ்’ என்ற பிரெஞ்சுக் கப்பலின் ஒயின் புட்டிகள் 1990-களின் தொடக்கத்தில் வெளியே வந்தன. அதுவும் வெப்பக் கடல்தானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அந்தப் புட்டிகளுக்கு இருந்த கவர்ச்சியும் எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்தத் தோட்டம், எந்த அறுவடை என்று சொல்ல முடிந்ததால் வந்ததே. ஆகவே, வாதம் வலுக்கிறதே தவிரத் தளரவில்லை. குளிர்ந்த பால்டிக்கில் மதுவுக்குப் பாதி, வரலாற்றுக்குப் பாதி என்று விலையைப் பிரிக்கலாம் என்றால், நம் கடலில் முழுவிலையும் வரலாற்றுக்குத்தான். அந்த வரலாறு எங்கே இருக்கிறது? எது எதன் பக்கத்தில், எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதில் இருக்கிறது. அதைக் கலைத்துவிட்டால் அறிஞருக்கு மட்டும் நட்டமில்லை. ஏலம் போடுபவருக்கே விற்க ஒன்றும் இருக்காது.

■ உடைந்த சாடியும் ஈயக்கட்டியும்

கடலூரிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. யவனர் மதுவைப் பாண்டியன் பருகியதைப் புறநானூறு பேசுகிறது. அந்த மது வந்த சாடிகளின் உடைசல்களை அரிக்கமேட்டு மண் தந்தது. 1945-ல் அங்கே அகழ்ந்த மார்டிமர் வீலர், மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச்சாடி ஓடுகளையும், இத்தாலியின் அரெட்டைன் வகைச் சிவப்புக் கலங்களின் துண்டுகளையும் மண்ணடுக்கு வாரியாகப் பதிவு செய்தார். காலம் தெரிந்த அந்த ரோமானிய ஓடுகளோடு சேர்ந்து கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதனால் காலம் கிடைத்தது. காலமே தெரியாமல் கிடந்த தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதல் அளவுகோல் அப்படித்தான் வந்தது. பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி நடத்திய அகழாய்வு அந்தக் காலக்கணக்கைத் திருத்தி, ஊரின் தொடக்கத்தை இன்னும் முன்னே கொண்டுபோனது. சந்தையில் பத்துக் காசு பெறாத ஓடுகள்தான் இத்தனையும் செய்தன. கிடந்த இடம் குறிக்கப்பட்டிருந்ததால்தான், முதலில் சொன்னதைப் பின்னால் வந்தவர் சரிபார்த்துத் திருத்தவும் முடிந்தது.

கொள்ளிடத்துக்குத் தெற்கே, பூம்புகாருக்கு எதிரே கடலுக்குள் இன்னொரு சான்று. 1990-களின் தொடக்கத்தில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் அங்கே ஆய்வு செய்தபோது, ஒரு மரக்கப்பலின் சிதைவு அகப்பட்டது. பீரங்கி, வெடிமருந்துப் பெட்டிகள், கூடவே ஈயக்கட்டிகள். பார்க்க அழகற்ற, கனத்த, சாம்பல்நிறக் கட்டிகள். ஆனால், மேலே எழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன: டபிள்யூ. பிளாக்கெட் என்ற பெயர். 1791, 1792 என்ற ஆண்டுகள். பிளாக்கெட் என்பது இங்கிலாந்தின் வடபகுதியில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்த குடும்பம். ஆக, இந்தக் கப்பல் 1792-க்கு முன் மூழ்கியிருக்க முடியாது என்ற முடிவு, எடைக்குப் போட்டால் பழைய ஈயத்தின் விலைகூடத் தேறாத ஒரு கட்டியிலிருந்து வந்தது. அது உருக்கப்பட்டிருந்தால் வலைக்குக் குண்டாகியிருக்கும். கப்பலுக்கு ஆண்டு போயிருக்கும்.

┌─ இந்தக் கரையின் கடல் கணக்கு ─┐

• 1690: தேவனாம்பட்டினம் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரையிலான ஊர்களும் சேர்ந்து கிடைத்தன. அவை ‘குண்டு கிராமங்கள்’ எனப்பட்டன.

• 1733: பரங்கிப்பேட்டையில் சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் ‘உல்ரிகா எலியனோரா’ கப்பல் இறக்கிய சரக்கை, ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் படைகொண்டு வந்து தாக்கினர்.

• 1749: நாமூர், பெம்புரோக், அப்பல்லோ, லிங்கன், வின்செல்சி புயலில் அழிந்தன.

• 1758: பிரெஞ்சுக் கப்பற்படை வந்தபோது, ‘பிரிட்ஜ்வாட்டர்’, ‘டிரைட்டன்’ என்ற ஆங்கிலேயக் கப்பல்கள் பிடிபடாதிருக்கக் கடலூரில் கரையேற்றி எரிக்கப்பட்டன. அந்த ஆண்டு கடற்போருக்குப் பின் ‘பியான் எமே’ என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆலம்பரை அருகே தரைதட்டி அழிந்தது.

• 1783: கடலூருக்கு எதிரே பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனுக்கும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுக்கும் கடற்போர்.

└──────────────┘

■ சட்டத்தின் கண்ணுக்கு அது சரக்கு

நாளை பழையாற்று மீனவர் ஒருவரின் வலையில் பழைய புட்டி ஒன்று ஏறினால் அது யாருக்குச் சொந்தம்? அரசியலமைப்பின் 297-ஆவது பிரிவு, இந்தியக் கடலெல்லைக்குள் நீருக்கடியில் இருக்கும் மதிப்புள்ள பொருள்கள் யாவும் ஒன்றிய அரசைச் சேரும் என்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த பொருள் தொல்பொருள்; அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, உரிமம் இல்லாமல் வாணிபம் செய்யவும் முடியாது. இவை இரண்டும் நல்ல வேலிகள். ஆனால், கப்பல் சிதைவு என்று வரும்போது வேறொரு சட்டமும் குறுக்கே வருகிறது. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் வகுத்த வழி இது: கண்டெடுத்தவர் அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும், அறிவிப்பு ஒட்டப்படும், ஓராண்டுக்குள் உரிமையாளர் வரவில்லை என்றால் பொருள் விற்கப்படும், மீட்டவருக்கான தொகையும் செலவும் போக மீதி அரசுக்கு. சென்ற மாதம் மூழ்கிய இரும்புக் கப்பலுக்கு இது சரியான ஏற்பாடு. 250 ஆண்டுக்கு முன் மூழ்கிய கப்பலுக்கு உரிமையாளர் யார் வரப்போகிறார்? அங்கே இந்த வழி நேராக விற்பனையில் போய் முடிகிறது. 2025-ல் நாடாளுமன்றம் அதற்குப் பதிலாகப் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால், எந்தப் பெயரில் வந்தாலும் கப்பல் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம், பண்பாட்டுச் சொத்தைக் காக்கும் சட்டத்தின் வேலையைச் செய்துவிடாது.

அந்த வேலைக்கென்றே உலகில் ஓர் உடன்படிக்கை இருக்கிறது. யுனெஸ்கோ 2001-ல் ஏற்று, 2009 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நீரடிப் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு உடன்படிக்கை, நூறாண்டுக்கு மேல் நீருக்கடியில் கிடக்கும் தடயங்களை வாணிபப் பொருளாக நடத்தக் கூடாது என்கிறது. இருந்த இடத்திலேயே வைத்துக் காப்பதை முதல் தெரிவாகக் கொள்ளச் சொல்கிறது. இந்தியா அதில் இன்னும் சேரவில்லை. சேராத நாடுகள் இன்னும் பல. ஆனால், 7,500 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள நாடு, ரோமானியர் முதல் சுவீடன்காரர் வரை எல்லாரும் வந்து போன கடலுக்குச் சொந்தமான நாடு, விலகி நிற்பதற்கு நியாயம் எதுவும் தெரியவில்லை. இதற்கிடையே பால்டிக் நாடுகளின் போக்கே மாறிவருகிறது. 2024 ஜூலையில் சுவீடனின் எலாண்ட் தீவுக்கு அருகே போலந்துக்காரர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஷாம்பெயின் புட்டிகளோடு ஒரு கப்பலைக் கண்டபோது, உள்ளூர் நிர்வாகம் முதலில் செய்தது அதைத் தொல்சின்னம் என்று அறிவித்துத் தொடத் தடை விதித்ததுதான். 2011-ல் ஏலக்கூடம், 2024-ல் காவல். நாம் பின்பற்ற வேண்டியது எதை என்பதில் குழப்பம் வேண்டாம்.

■ விருத்தாசலம் தந்த பாடம்

பதிவேடு என்றால் வெறும் காகிதம் என்று நினைப்பவர்களுக்குக் கடலூர் மாவட்டமே பதில் சொல்லும். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவு போய், 2004-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டது. சிலை விருத்தாசலத்துக்குரியது என்று நிலைநாட்ட உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படம். கோயில் சுவரில் அந்தச் சிலை நின்ற நிலையில் யாரோ ஒருவர், எந்த வழக்கையும் எதிர்பார்க்காமல், கடமைக்காக எடுத்து வைத்த படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார். அந்த ஒரு படம் இல்லாதிருந்தால், கலைக்கூடத்தின் விலைச்சீட்டும் விற்றவரின் பொய்ப் பத்திரமும்தான் ஆவணங்களாக நின்றிருக்கும்.

கடலடிப் பொருளுக்கு அப்படி ஒரு படம் கிடையாது. கோயில் சிலையையாவது ஊரார் பார்த்திருப்பார்கள். 1749-ல் மூழ்கிய புட்டியை உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. ஆகவே, பதிவு செய்யாமல் தூக்கப்படும் ஒவ்வொரு பொருளும் களவு என்றே தெரியாமல் களவு போகும். பதிவில்லாத சந்தையில் போலி எப்படிப் பெருகும் என்பதையும் ஒயின் உலகம் கண்டிருக்கிறது. தன் வீட்டில் கலந்து அடைத்த மதுவை அரிய பழைய ஒயின் என்று விற்ற ரூடி குர்னியவான் என்பவரை 2013-ல் நியூயார்க் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்தது. மறு ஆண்டு அவருக்குப் பத்தாண்டுச் சிறை. பெருஞ்செல்வர்களும் நிபுணர்களும் ஆண்டுக்கணக்கில் ஏமாந்தார்கள். புட்டி வந்த வழிக்கு ஆவணம் கேட்காத இடத்தில், விலை மட்டுமே சான்றிதழாகிவிடுகிறது.

■ ‘விற்றால்தானே காசு?’

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் பணம். கடலடி ஆய்வுக்குக் கப்பல் வேண்டும், கருவி வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். எடுத்த பொருளை உப்பு நீக்கிக் காப்பதற்கு ஆண்டுகள் பிடிக்கும். அரசிடம் இதற்கு நிதி இல்லை. தனியார் மீட்பு நிறுவனத்தை விட்டு, விற்ற பணத்தில் பங்கு வாங்கிக்கொண்டால் என்ன என்பது கேள்வி. இந்த வழியில் போனவர்களின் அனுபவத்தைப் பார்ப்போம். 1752-ல் மூழ்கிய ‘கெல்டர்மால்சன்’ என்ற டச்சுக் கப்பலின் சீனப் பீங்கான்களை 1985-ல் எடுத்த மைக்கேல் ஹாட்சர், மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் விட்டார். ஒன்றரை லட்சம் பீங்கான்கள் உலகெங்கும் சிதறின. கப்பல் கிடந்த நிலை பற்றிச் சரியான பதிவு இல்லை. அந்த ஏலத்துக்கு 30,000 டாலருடன் போன சீன நிபுணர்கள் ஒரு பொருளைக்கூட வாங்க முடியாமல் திரும்பினார்கள். அதிலிருந்து சீனா கற்றுக்கொண்டது: மறு ஆண்டே நீரடித் தொல்லியலுக்கு அமைப்பு தொடங்கியது, 2007-ல் ‘நன்ஹாய் 1’ என்ற கப்பலைச் சுற்றியிருந்த மண்ணோடு சேர்த்து முழுதாகத் தூக்கி, அதற்கென்றே அருங்காட்சியகம் கட்டியது. விற்று ஒருவர் ஒருமுறை சம்பாதித்த பணத்துக்கும், காத்து ஓர் ஊர் ஆண்டுதோறும் பெறும் பயனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

தனியார் கைக்குப் பணம் நிச்சயம் என்பதும் மாயை. 1804-ல் மூழ்கிய ‘மெர்சிடிஸ்’ என்ற ஸ்பானியப் போர்க்கப்பலின் நாணயங்கள் ஏறத்தாழ ஆறு லட்சத்தை 2007-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் எடுத்தது. வழக்கு நடந்தது. போர்க்கப்பல் அதை அனுப்பிய நாட்டுக்கே உரியது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லி, 2012-ல் அத்தனை நாணயமும் ஸ்பெயினுக்குப் போயிற்று. நாமூரும் பெம்புரோக்கும் போர்க்கப்பல்கள் என்பதை நினைவில் வைத்தால், இங்கே ஏலம் போட வருபவரின் முன் நிற்கப்போவது வழக்குமன்றம்தான். அதோடு, அவை நூற்றுக்கணக்கானவர்கள் இறந்த இடங்கள். அந்தப் பேரிடரைச் சரக்குப் பட்டியலாக மாற்ற நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு வாதம், விட்டுவைத்தால் கடலே அழித்துவிடும் என்பது. இதில் உண்மை இருக்கிறது. 2004 சுனாமியும் 2011 டிசம்பர் இறுதியில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயலும் இந்தக் கடலின் வலிமையைக் காட்டின. இழுவலைகள் அடியைச் சுரண்டுகின்றன; துறைமுகத்துக்காக ஆழப்படுத்தும் இயந்திரம் எதன் மேல் போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால், இந்த வாதம் கேட்பது அவசரமாக எடுத்து விற்பதை அன்று. அவசரமாகப் பதிவு செய்வதை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் வலையைத் திருப்பலாம், ஆழப்படுத்தும் பாதையை மாற்றலாம், அழியப்போவதை மட்டும் முறைப்படி எடுக்கலாம்.

கடைசியாக, ‘வெள்ளைக்காரன் கப்பல், அவன் குடித்த மது, நமக்கென்ன?’ என்ற கேள்வி. அந்தக் கப்பல்கள் வந்ததே இந்தக் கரையின் துணிக்காக. கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் இறங்கிய வெள்ளிக்கு மாற்றாக ஏறியது உள்நாட்டு நெசவாளர் நெய்த துணியும், நீலச்சாயம் தோய்த்த துணியும். கோட்டைச் சுவர் கட்டியதும், படகில் சரக்கு ஏற்றி இறக்கியதும் இந்த ஊர் மக்கள். அவர்களைப் பற்றிக் கம்பெனி ஏடுகள் எழுதியது குறைவு. மூழ்கிய கப்பலில் கிடக்கும் உள்ளூர்ப் பானை, கயிறு, உணவுத் தடயம் ஆகியவை அவர்களைப் பற்றிச் சொல்லும். ஏலக்காரர் எடுப்பது விலைபோகும் புட்டியையும் நாணயத்தையும், தள்ளிவிடுவது இவற்றைத்தான்.

■ கண்டெடுப்பவர் கை

இத்தனைக்கும் முதல் கண்ணாக இருக்கப்போவது ஆய்வுக் கப்பல் இல்லை, மீனவர். இலங்கையில் அம்பாந்தோட்டைக்கு அருகே கொடவாயாவில் இந்தியப் பெருங்கடலின் மிகப் பழைய கப்பல் சிதைவைக் கண்டவர்கள் சங்கு குளிக்கும் மீனவர்கள்தான். கண்டதைச் சொன்னார்கள்; அதனால் ஈராயிரம் ஆண்டு பழமையான கண்ணாடிக் கட்டிகளும் கற்பொருள்களும் ஆய்வுக்கு வந்தன. இந்தோனேசியாவின் பெலித்துங் கப்பலையும் 1998-ல் கண்டவர்கள் மீனவர்களே. நம் கரையில் தேவனாம்பட்டினம் முதல் பழையாறு வரை, எந்த இடத்தில் வலை மாட்டும், எங்கே பார் இருக்கிறது, எங்கே மீன் கூடுகிறது என்பது மீனவர்களுக்கு மனப்பாடம். கடலடியில் பாறையே இல்லாத சேற்றுத் தரையில் வலை மாட்டுகிறது என்றால், அங்கே ஏதோ கிடக்கிறது என்று பொருள். இந்த அறிவைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஓர் அலுவலகம் வேண்டும். இன்றைய நிலையில் சொன்னால் அவருக்குக் கிடைப்பது என்ன? விசாரணை, அலைச்சல், தொழில் கெடுதல். கிழிந்த வலைக்கு ஈடுகூட இல்லை. நேர்மையாகச் சொல்பவர் தண்டிக்கப்படும் ஏற்பாட்டில், பழைய இரும்புக் கடைக்குப் போகும் பொருளுக்கு மீனவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே, செய்ய வேண்டியது தெளிவு. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கரை மீனவர்களோடு அதற்குப் பல பத்தாண்டுப் பழக்கம். அங்கே ஒரு கடலடிப் பதிவேடு தொடங்கட்டும். கண்டதை அங்கேயே விட்டு இடத்தை மட்டும் சொல்லும் மீனவருக்கு வெகுமதியும், கிழிந்த வலைக்கு ஈடும், இடத்தைப் பற்றிய இரகசியக் காப்பும் உறுதியாகட்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. அந்த நாள்களில் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும் இந்தியத் தொல்லியல் துறையின் நீரடிப் பிரிவும் மீனவர்களைக் கூலிக்கு அமர்த்தி, ஒலிக்கருவி கொண்டு கடலடியை வரைபடமாக்கட்டும். துறைமுகம் ஆழப்படுத்தும் எந்தத் திட்டமும் அந்த வரைபடத்தைப் பார்த்த பிறகே அனுமதி பெறட்டும். எடுத்தே ஆகவேண்டிய பொருள் வெளியூருக்குப் போகாமல் கடலூர் அரசு அருங்காட்சியகத்தில், அதைக் கண்ட மீனவரின் ஊர்ப் பெயரோடு வைக்கப்படட்டும். ஒன்றிய அரசு யுனெஸ்கோ உடன்படிக்கையில் சேரட்டும்.

இதில் எதற்கும் ஒரு புட்டியைக்கூட விற்க வேண்டியதில்லை. ஆலண்டிலும் 2011-ன் இரண்டு புட்டிகளும் சேர்த்து ஈட்டியது 54,000 யூரோ. அதை நம்பி ஓர் ஆய்வுத் திட்டம் நடக்காது. தமிழக அரசு கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் நிதி ஒதுக்கியது தங்கம் கிடைக்கும் என்று இல்லை. நாம் யார் என்று அறிவதற்கு. அதே நியாயம் கரையோடு நின்றுவிடக் கூடாது. விற்பதா வேண்டாமா என்ற விவாதம் கையில் பொருள் உள்ளவர்களுக்கு உரியது. நம்மிடம் இன்று பொருளும் இல்லை, பட்டியலும் இல்லை. பட்டியல் எழுதத் தொடங்கும் ஆண்டு எது என்பதை மாவட்ட நிர்வாகமும் பல்கலைக்கழகமும் தொல்லியல் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அடுத்த தடைக்காலத்துக்கு முன்பே அது நடக்கட்டும்.